கிணற்றடியில் பதினொரு பேர்

ஓடுகிறோம். டிரங்குப் பெட்டியின் ஒரு கைப்பிடி என் கையில். இன்னொன்று என் மனைவி அஞ்சலையின் கையில். பெட்டி முழங்காலில் இடிக்கிறது. தோல் உரிகிறது. வலி தெரியவில்லை.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. மணி எட்டே முக்கால் இருக்கும். சத்தம்தான் முதலில் வந்தது. லாரியில் இருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம். ஒரு லாரி இல்லை. நூறு லாரி. பத்தொன்பது வருஷம் பட்டாளத்தில் இருந்தவன் நான். சத்தத்தை வைத்தே என்ன வருகிறது, எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று சொல்வேன். இந்தச் சத்தம் எனக்குத் தெரியவில்லை.

“மாமா, தண்ணி வருது! ஓடு மாமா!”

கத்துகிறவன் முருகையன். அஞ்சலையின் தம்பி. கத்திவிட்டு அவன் எங்களோடு வரவில்லை. மாட்டுக் கொட்டகைக்குள் போகிறான். பசுவின் கயிற்றை அறுக்கப் போகிறான். “உட்டுட்டு வாடா!” என்று நான் கத்துகிறேன். அஞ்சலையும் கத்துகிறாள். திரும்பிப் பார்த்தால் கால் நின்றுவிடும். திரும்பவில்லை.

கடலூருக்கு வடக்கே, பெண்ணையாறு கடலில் சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. தார்ச்சாலை மேட்டுக்கு வந்துதான் நின்றோம். தண்ணீர் இடுப்பு வரை வந்து, யோசித்து, பின்வாங்கியது. மூச்சு வந்த பிறகு பார்த்தால் வீடு இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் யாருடையதோ ஒரு படகு குறுக்கே கிடந்தது. முருகையன் மூன்றாம் நாள் கிடைத்தான். மணிக்கட்டில் கயிறு சுற்றியிருந்தது. பசு கிடைக்கவில்லை.

பெட்டிக்குள் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதற்குள் இருந்தவை ஏழு டைரிகள். பட்டாளத்தில் கடைசி ஏழு வருஷம் நான் எழுதியவை. “எல்லாம் போச்சு, என் டைரி மட்டும் தப்பிச்சிது” என்று நிவாரண முகாமில் பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். மச்சான் செத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். எனக்கு அப்போது வெட்கம் இல்லை. அஞ்சலை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தம்பியை நினைத்து அழுகிறாள் என்று நினைத்தேன்.

டைரி எழுதக் கூடாது என்பது உத்தரவு. வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று சொல்லித்தான் எழுதினேன். எதற்கு எழுதினேன் என்றால், மறக்கத்தான். பலர் நினைப்பதற்கு நேர்மாறு. பார்த்ததைத் தாளில் இறக்கிவிட்டால் தலைக்குள் இடம் காலியாகும். இறக்கினேன். மூடினேன். ஊருக்கு வந்த பிறகு ஒரு நாள்கூடத் திறந்து பார்க்கவில்லை. சாவியை அஞ்சலையிடம் கொடுத்துவிட்டேன்.

ஒரு தாளை மட்டும் எழுதியது நன்றாக நினைவிருக்கிறது.

1987 அக்டோபர் கடைசி. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். தேதியும் கிழமையும் அந்தத் தாளில் இருந்தன. அங்கே போன இந்தியப் பட்டாளத்தில், எங்கள் கம்பெனியில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன். அதனால் துப்பாக்கியைவிட வாய்க்குத்தான் வேலை அதிகம். அங்கே ஒரு பள்ளிக்கூடம். வீட்டை விட்டு ஓடி வந்த சனம் அதற்குள் இருக்கிறது. நாங்கள் சாலையில் குப்புறப் படுத்திருக்கிறோம். மூன்று குண்டுகள் விழுகின்றன. முதலாவது வயலில். இரண்டாவது பள்ளிக்கூடத்துக் கூரையில். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருபத்திரண்டு வரை எண்ணினேன். அந்த இருபத்திரண்டில் ஒரு குழந்தை இருமியது. மூன்றாவது விழுந்தது. பிறகு இருமல் கேட்கவில்லை.

எந்தப் பக்கத்துக் குண்டு என்று எனக்கு அன்றும் தெரியாது. இன்றும் தெரியாது. தெரிந்தது போலப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

பதினொரு உடல்கள். அதிகாரி என்னைக் கூப்பிட்டார். பெயர் கேட்டு எழுது என்றார். வேறு தாள் இல்லை. டைரியை எடுத்தேன். உயிரோடு இருந்தவர்களிடம் ஒவ்வொரு உடலாகக் காட்டிப் பெயர் கேட்டேன். வயது கேட்டேன். எழுதினேன். கிணற்றுக்குப் பின்னால் ஒரே பள்ளம். யாருக்குப் பக்கத்தில் யார் என்று வரிசையாக எழுதினேன். பெயர் சொன்ன சனம் பொழுது சாய்வதற்குள் நாலு திசையாகப் போய்விட்டது. அதிகாரி அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கவில்லை. இரண்டு நாளில் அவரும் போனார். உலகத்தில் அந்தப் பதினொரு பெயருக்கும் இருந்த ஒரே இடம் என் டைரி.

2008. சித்திரை வெயில். சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீட்டுக்கு நிர்மலா வந்தார். சிதம்பரத்தில் பழைய கடிதங்கள், டைரிகள், போட்டோக்கள் சேர்த்துப் பாதுகாக்கிற ஓர் ஆவணக்காப்பகத்தில் வேலை பார்க்கிறவர். சின்ன வயது. நேராகப் பேசுகிறவர். நிவாரண முகாமில் நான் சொன்னது அவர் காதுக்குப் போய், முன்பே போனில் பேசியிருந்தார்; பதினொரு பெயர்ப் பட்டியலைப் பற்றியும் அப்போது சொல்லியிருந்தேன்.

“சார், டைரிய எங்ககிட்ட குடுத்தா நூறு வருஷம் இருக்கும். ஆனா நான் வந்தது அதுக்கு மட்டும் இல்ல” என்றார்.

குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் உள்ள அகதி முகாமில் ஒரு பெண் இருக்கிறாள். பெயர் தவமணி. அந்தப் பள்ளிக்கூடத்தில் அன்று இருந்தவள். இரண்டாவது குண்டில் காலில் அடிபட்டவள். மயக்கத்தில் இருந்தவளைக் கதவுப் பலகையில் வைத்து யாரோ தூக்கிப் போயிருக்கிறார்கள். கண் விழித்தது வேறு ஊர் ஆஸ்பத்திரியில். ஆறு வயது மகன் ரூபன் பள்ளிக்கூடத்திலேயே நின்றுவிட்டான். பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைத்தான் கடைசியாகப் பார்த்தாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி என்ன ஆனாள் என்றும் தெரியாது.

இருபத்தோரு வருஷம். யார் எங்கே கிளம்பினாலும் தவமணி கிளம்ப மாட்டாள். தங்கை குடும்பம் கூப்பிட்டும் அசையவில்லை. பிள்ளை தேடி வந்தால் நான் ஓர் இடத்தில் இருக்க வேண்டாமா என்பாள். நிர்மலா முகாமில் சாட்சியம் எழுதப் போனபோது அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான். ரூபனைப் புதைத்தார்களா, இல்லையா.

“உங்க லிஸ்ட்ல அந்தப் பேரு இருக்கா சார்?”

நான் மார்பை நிமிர்த்தினேன். “என் கையால எழுதுனது. பாத்து சொல்லிடலாம். அந்தம்மாவ சிதம்பரத்துக்கு வரச் சொல்லுங்க” என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று அப்போது தெரியாது. அஞ்சலை அடுப்பங்கரையில் இருந்தாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அடுத்த நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் பஸ் ஏறும்போது அவளுக்குத் தலைவலி என்று படுத்துக்கொண்டாள்.

காப்பகத்தில் ஒரு நீள மேசை. வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். நிர்மலா கையுறை போட்டுக்கொண்டு 1987ஆம் வருஷத்து டைரியைத் திறந்தார். மெதுவாகப் புரட்டினார். நிறுத்தினார். பின்னால் போனார். முன்னால் வந்தார்.

“சார், இதுல பக்கம்லாம் இல்லியே.”

பார்த்தேன். அக்டோபரில் பாதி இல்லை. பூச்சி தின்னவில்லை. நீர் படவில்லை. ஸ்கேல் வைத்துக் கிழித்தது போல நேராக இருந்தது. தைத்த இடத்தில் விரல் அகலத்துக்குத் தாளின் அடி மட்டும் நின்றது. ஏழு டைரியையும் புரட்டினோம். எண்ணினோம். நாற்பத்து மூன்று தாள்கள் இல்லை.

மிச்சம் இருந்ததை உட்கார்ந்து படித்தேன். மழை. பருப்பு வேகவில்லை. லீவு மறுபடியும் தள்ளிப்போனது. கடைசிப் பெண்ணுக்கு அம்மை என்று கடிதம். இன்று சண்டை இல்லை. மழை. யாரும் சாகாத நாள்கள் எல்லாம் இருந்தன. ஒருவராவது செத்த நாள் ஒன்றுகூட இல்லை. அந்த டைரியை மட்டும் படிக்கிறவன் நான் ஏதோ சமையல்காரனாக இருந்தேன் என்று நினைப்பான்.

எனக்குப் புரிந்துவிட்டது. பெட்டிச் சாவி அஞ்சலையிடம்தான் இருந்தது. பஸ்ஸில் ஆலப்பாக்கம் வரும் வரை யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

எங்கள் பக்கத்தில் கருமாதிப் பத்திரிகையை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். சாவுச் செய்தி வந்த கடிதமும் அப்படித்தான். வாசலில் நின்று படிப்பார்கள். படித்ததும் கிழித்துப் போடுவார்கள். அல்லது வெளியே கூரையின் இறவானத்தில் செருகிவிடுவார்கள். வீட்டுக்குள் வைத்தால் அடுத்த சாவை அது கூப்பிடும் என்பது நம்பிக்கை. எனக்கும் தெரிந்த வழக்கம்தான். அதை டைரிக்கும் பொருத்துவாள் என்று நான் நினைக்கவே இல்லை.

“நீதான?” என்றேன்.

அஞ்சலை மறைக்கவில்லை. “நாந்தான்.”

“எப்ப?”

“நீங்க ஊருக்கு வந்த வருசம். பொட்டிய தொறந்து ஒவ்வொண்ணா படிச்சன். எடுத்தா சாவு, பொரட்டுனா சாவு. மூணு பொட்டப்புள்ள இருக்கிற ஊடு. அத்தினி சாவுத் தாள உள்ள வச்சிக்கினு எப்டி வெளக்கேத்துவன்?”

“என்னாண்ட கேட்டியா?”

“கேட்டா உடுவீங்களா?”

எட்டாவது வரை படித்தவள். ஏழு டைரியையும் எழுத்து விடாமல் படித்திருக்கிறாள். நான் யாரிடமும் சொல்லாததை எல்லாம் பதினெட்டு வருஷமாக அவள் தெரிந்து வைத்திருக்கிறாள். அது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. தாள் எங்கே, தாள் எங்கே என்றுதான் கத்தினேன். கையில் இருந்த டம்ளரைச் சுவரில் எறிந்தேன்.

“கிழிச்சிப் போட மனசு வரல. அத்தினியும் மனுசங்க பேரு” என்றாள். “துணில சுத்தி கொட்டாய் எறவானத்துல சொருவி வச்சேன்.”

கொட்டகை. முருகையன் கயிறு அறுக்கப் போன அதே கொட்டகை. நாலு வருஷமாக அந்த வார்த்தையை அவள் வாயில் இருந்து நான் கேட்டதில்லை. இப்போது சொன்னாள். சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்தாள்.

அவளை நான் மன்னிக்கவில்லை. இதைப் படிக்கிறவர்கள் அவள் நல்ல மனசுக்காரி, என்ன செய்வாள் என்று சொல்லக்கூடும். சொல்லுங்கள். செத்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு எங்களைக் காப்பாற்றினாள். பெட்டியின் மறு கைப்பிடியை அன்று அவள்தான் ஓடி வந்து பிடித்தாள். உள்ளே என்ன இல்லை என்று தெரிந்தே பிடித்தாள். எனக்குப் பிடித்தமானது என்பதற்காகப் பிடித்தாள். அதுவும் எனக்குத் தெரியும். ஆனாலும் மன்னிக்கவில்லை.

ஐந்து நாள் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கண்ணை மூடிப் பள்ளத்தின் ஓரத்தில் நின்றேன். முதலில் கந்தையா. வயதானவர், ஒரு செருப்பு இல்லை. அடுத்து அன்னம்மா. அடுத்து பரமேஸ்வரி, அன்னம்மாவின் மருமகள். அடுத்து தியாகு, வாத்தியார். அடுத்து கடைக்காரர் செல்லையா. அதற்கு மேல் வரவில்லை. பிள்ளைகள் மூன்று பேர் இருந்தார்கள். கடைசியில் கிடத்தினோம். மூன்று பேரின் காலும் தெரிகிறது. பெயர் வரவில்லை. ரூபன் என்று சொல்லிப் பார்த்தேன். ரூபன், ரூபன் என்று நூறு தடவை. ஐம்பதாவது தடவை அந்தப் பெயர் இருந்தது போல இருந்தது. நூறாவது தடவை இல்லை போல இருந்தது. எழுதி வைத்தோம் என்ற தைரியத்தில்தான் மறந்தேன்.

தவமணி வரும் நாளுக்கு முந்தைய நாள். அஞ்சலை சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நாங்கள் பேசி ஒரு வாரம் ஆகியிருந்தது.

“இருந்திச்சின்னு சொல்லிடுங்க” என்றாள்.

நான் தட்டைப் பார்த்தேன்.

“இல்லன்னா சாவுற வரைக்கும் வழியப் பாத்துக்கினே இருக்கும் அந்தம்மா. நாம முருகையன பாத்துட்டோம். மண்ணு போட்டோம். அழுது முடிச்சோம். அதுக்கு அதுவும் இல்ல.”

சாவை வீட்டுக்குள் விடாதவள் சொல்கிறாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

சிதம்பரம். அதே மேசை. தவமணி ஒரு பக்கம் சாய்ந்து நடந்து வந்தாள். நாற்பத்தேழு வயது. அறுபது போல இருந்தாள். என்னைக் கும்பிட்டாள். அந்த ஊருக்குத் துப்பாக்கியோடு போனவனைக் கும்பிட்டாள். டைரி மேசையில் மூடி இருந்தது. தாள்கள் இல்லாததை அவளிடம் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொள்கிறேன் என்று நிர்மலாவிடம் கேட்டிருந்தேன். நிர்மலா தண்ணீர் எடுத்துவர வெளியே போனார்.

“ஐயா, என்ர பிள்ளையின்ர பேர் இருக்கோ, இல்லையோ?”

“இருக்கும்மா” என்றேன்.

அவள் அழவில்லை. தலையை ஆட்டினாள். நிறைய நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள். “என்ன உடுப்புப் போட்டிருந்தவன்? அதையும் எழுதினீங்களோ?”

அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பொய் சொல்கிறவனுக்கு இன்னும் கொஞ்சம் சொன்னால்தான் நம்புவார்கள் என்று தோன்றும். “நீலச் சட்டை” என்றேன்.

அவள் தலை நின்றது. “அவனுக்கு நீலச் சேட்டு இல்லையே ஐயா.”

மின்விசிறிச் சத்தம். கீழே தெருவில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடிக்கிறது. ஆறு தடவை அடித்தது. எண்ணினேன்.

“ஆராவது குடுத்திருப்பினம்” என்றாள் தவமணி. “குளிர் எண்டு அழுதிருப்பான். ஓம். ஆரோ குடுத்திருப்பினம்.”

என் பொய்யில் இருந்த ஓட்டையை அவளே தைத்துக் கொடுத்தாள். நான் ஆமாம் என்றேன். நிர்மலா தண்ணீரோடு வந்தார். தவமணி வாங்கிக் குடித்தாள். முழுச் செம்பும் குடித்தாள்.

அந்த ஆடி அமாவாசைக்குத் தவமணி தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வந்து பிள்ளைக்காகக் கடலில் பால் விட்டாள். பக்கத்தில் அஞ்சலை நின்றாள். தவமணியின் கையைப் பிடித்துக்கொண்டு இவளும் அழுதாள். அழுததில் யாருக்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. நான் செருப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தூரத்தில் நின்றேன்.

பிறகு அங்கே யுத்தம் முடிந்தது. முடிந்த விதத்தை எல்லோரும் பார்த்தோம். 2011இல் தங்கை குடும்பத்தோடு தவமணி ஊருக்குத் திரும்பினாள். இங்கே காத்திருக்க இனி எதுவும் இல்லை என்று நிர்மலாவிடம் சொல்லியிருக்கிறாள். அந்த வருஷம் டிசம்பர் கடைசியில் ‘தானே’ என்ற புயல் அடித்தது. எங்கள் இரண்டாவது கூரையும் போனது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எனக்கு எதுவும் தோன்றவில்லை. காற்று அடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

இந்த 2012 மாசியில் தவமணியின் தங்கை நிர்மலாவுக்குப் போன் செய்தாள். நான் சொல்லியிருந்த இடத்தில், கிணற்றடிக்குப் பின்னால், தவமணி ஒரு கல் நட்டிருக்கிறாள். ரூபன், வயது ஆறு என்று பொறித்திருக்கிறாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூ வைக்கிறாள். இந்தியப் பட்டாளத்து ஐயாவுக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

ரூபன் பெயர் நினைவுக்கு வந்துவிட்டது என்றுதான் 2008இல் நிர்மலாவிடமும் சொல்லியிருந்தேன்; அதனால் இதைச் சந்தோஷமாகத்தான் என்னிடம் சொன்னார். அன்றைக்குத்தான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். எல்லா நாளும் எதிரே உட்கார்ந்து பேசுகிறவர், எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். “எழுதிக் குடுங்க சார்” என்றார். எழுதுகிறேன். தவமணிக்குச் சொல்லாதீர்கள் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. சொல்லுங்கள் என்று சொல்லத் தைரியம் இல்லை. டைரிகளோடு இதையும் வையுங்கள். யாராவது தேடி வந்து தன் பெயர் ரூபன் என்றால், அவனுக்கு முப்பது வயது இருந்தால், இதைக் காட்டுங்கள்.

கணக்கு இது.

தாள்கள், நாற்பத்து மூன்று. கடல் கொண்டுபோனது.

அந்தத் தாள்களில் இருந்த என்னோடு சாப்பிட்ட பட்டாளத்து ஆட்கள், பத்தொன்பது பேர். பெயர் எல்லாம் தெரியும். அவர்களுக்கு ஊரில் கல் இருக்கிறது, படம் இருக்கிறது.

முருகையன், வயது முப்பத்தாறு. ஒரு பசு.

கிணற்றடியில் பதினொரு பேர். கந்தையா. அன்னம்மா. பரமேஸ்வரி. தியாகு. செல்லையா. இந்த ஐந்து பேருக்கும் அங்கே எந்த அடையாளமும் இல்லை. பெரியவர்கள் இன்னும் மூன்று பேர், பெயர் தெரியாது. பிள்ளைகள் மூன்று பேர், பெயர் தெரியாது.

ரூபன், வயது ஆறு. 2008, சிதம்பரம். என் வாயால்.